எல்லாம் பச்சை

அந்த அறையில் குழாயே கிடையாது. ஜன்னல் கிடையாது, வாஷ்பேசின் கிடையாது, தண்ணீர் பாட்டிலை உள்ளே கொண்டுபோனால் மேனேஜர் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார். அப்படிப்பட்ட அறையில், சனிக்கிழமை மத்தியானம், போன் கூண்டுக்குள்ளிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் மனுஷிக்கு எரிச்சல் வருமா, வராதா?

அவளுக்கு வந்தது. ஊரே விடுமுறையில் கால் நீட்டிப் படுத்திருக்கிற நேரத்தில் அவள் மட்டும் இந்தக் குளிர்ப்பெட்டிக்குள் உட்கார்ந்து, சாயங்காலம் வெளியாகப்போகிற ஆப்பின் ரிலீஸுக்குக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். ஏசிதான் ஒழுகுகிறது என்று நினைத்து, நாற்காலியைப் போட்டு ஏறி, அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். விரலில் தூசிதான் ஒட்டியது. அவள் இறங்குவதற்குள் சத்தமும் நின்றுவிட்டது.

"சனியன்" என்றாள், யாரைச் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியாமல்.

கூண்டு என்பது அவர்கள் வைத்த பெயர். கம்பிவலைக் கதவு போட்ட இரும்பு அலமாரி. தட்டுக்குத் தட்டு போன்கள். சந்தையில் இருக்கிற இரண்டு பெரிய வகைகளிலும் புதுசு, பழசு, பெரிசு, சிறிசு, மடக்குகிறது என்று ஒன்றுவிடாமல் வாங்கி, ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு வயரைச் செருகி மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். எந்த விரலும் தொடாமலே அவை வேலை செய்தன. கூட வேலை செய்கிற தாடி எழுதிய ஸ்கிரிப்ட் ஒவ்வொரு போனிலும் ஆப்பைத் திறக்கும், பட்டனை அழுத்தும், வந்தது சரியா என்று பார்க்கும், மூடும், மறுபடி திறக்கும். ராப்பகலாக இதே பிழைப்பு. சுவரில் தொங்கிய பெரிய டிவியில் போனுக்கு ஒரு கட்டம். சரியாக நடந்தால் பச்சை, தப்பானால் சிவப்பு. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அந்த அறை பிடிப்பதில்லை. விளக்கை அணைத்தால் கூண்டு முழுக்கக் கண்கள் திறந்து மூடுகிற மாதிரி இருக்கும். அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

தாடி என்பவன் தாடியை எடுத்து வருஷமாகிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவளை ஆபீஸில் 'நச்சு' என்பார்கள். ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டால் அதைச் சரிசெய்கிற வரைக்கும் நச்சரித்தே உயிரை எடுப்பாள் என்று. அதற்குத்தானே சம்பளம் கொடுக்கிறார்கள்? கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு, கண்டுபிடித்தால் முகத்தைச் சுளிக்கிற கூட்டத்தை என்ன சொல்வது!

ஆப், தனியாக வாழும் வயதானவர்களுக்கானது. இரண்டே பட்டன்கள். பச்சையில் 'நலம்', சிவப்பில் 'உதவி'. தினமும் ஒரு முறை நலத்தைத் தொட்டால் பிள்ளைகளின் போனில் ஒரு பச்சைப் புள்ளி விழும். உதவியைத் தொட்டால் பிள்ளைகளுக்கும் ஆம்புலன்ஸுக்கும் தகவல் போகும். ஆனால் உடனே போகாது. ஆரம்பத்தில் சில பெரியவர்கள் கைதவறி உதவியை அழுத்தி, வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்று பெரிய ரகளையாகிவிட்டது. அதனால் ஒரு நிமிட அவகாசம் வைத்தார்கள். திரையில் ஒரு வெள்ளை வளையம் மெல்லச் சுருங்கிக்கொண்டே வரும். அது மறைவதற்குள் நலத்தைத் தொட்டுவிட்டால் உதவி ரத்து. யாருக்கும் எதுவும் தெரியவராது.

இன்று சாயங்காலம் வெளியே போகப்போகிற புது ரிலீஸில் இன்னொரு வசதியும் இருந்தது. உதவியைத் தொட்ட நொடியிலேயே அந்த வீட்டுச் சத்தம், அதே கணக்கு திறந்திருக்கும் மற்ற போன்களில் கேட்க ஆரம்பிக்கும். ஊழியர்களின் வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் இதை முன்கூட்டியே போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவளுடைய அம்மாவின் போனிலும் இருந்தது.

அம்மா ஊரின் அந்தக் கோடியில் தனியாக இருந்தாள். அப்பா போனபிறகு எத்தனையோ தடவை கூப்பிட்டாயிற்று. வியாழக்கிழமைகூட அதே சண்டைதான்.

"உன் வீட்டுக்கு வந்து நான் என்ன செய்ய? சுவரைப் பார்த்துக்கிட்டு உட்காரவா? சமையல்கட்டுக் குழாய் ஒழுகுது, ஒழுகுதுன்னு எத்தனை மாசமா தொண்டைத்தண்ணி வத்த கத்துறேன். அதைச் சரி பண்ண ஆளில்ல, என்னைக் கூட்டிட்டுப் போக வந்துட்டா."

"அம்மா, எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்கு. அண்ணன் கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அவன் உன்கிட்ட சொல்லுன்னான். ரெண்டு பேரும் நல்லா பந்து விளையாடுங்க. இனிமே எனக்கு போன் பண்ணாதே."

டக்கென்று வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எடுக்கவில்லை. அம்மா கோபித்துக்கொண்டால் அப்படித்தான், மூன்று நாள் நான்கு நாள் போனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஆனால் ஆப்பில் மட்டும் தவறாமல் பச்சைப் புள்ளி விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அம்மா தானே எடுத்துக்கொண்ட படம். பாதி முகம், மீதி கேமராவை மறைத்த கட்டைவிரல். மாற்று, மாற்று என்றால் "என் மூஞ்சி எனக்குத் தெரியும், நீ உன் வேலையைப் பாரு" என்பாள். இன்று காலையிலும் அந்த விரலையும் பச்சைப் புள்ளியையும் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. பட்டனைத் தொட முடிகிறது, பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. இருக்கட்டும், எத்தனை நாளைக்கு இந்த வீம்பு என்று நானும் பார்க்கிறேன்.

டிவியில் ஒரு கட்டம் சிவந்தது.

கிழவி.

கூண்டிலேயே பழைய போன் அது. கண்ணாடி மேல்மூலையில் விரிசல் விட்டு, கை கீறாமலிருக்கக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். பேட்டரி செத்துப்போய் வருஷக்கணக்காகிறது. வயரைப் பிடுங்கினால் அந்த நொடியே மூச்சு நின்றுவிடும். எதைத் திறந்தாலும் முக்கி முனகித்தான் திறக்கும். அதனால்தான் கிழவி. நேற்றுக் காலையிலிருந்து அது இப்படித்தான் சிவந்து சிவந்து அடங்குகிறது. மற்ற எந்தப் போனிலும் ஒரு கோளாறும் இல்லை.

இரும்புத் தட்டின் மேல் கிழவி அதிர்ந்தது. கர்ர்ர் என்று ஒரு சின்ன உறுமல். அதோடு கூடவே அந்தச் சத்தம். சொட்டு. சொட்டு.

அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கட்டம் மறுபடி பச்சையாகிவிட்டது. சத்தமும் அறுந்தது.

தாடிக்கு போன் போட்டாள். அவன் வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது.

"கிழவி மறுபடி சிவந்துட்டா."

"விடு நச்சு. வயசாயிடுச்சில்ல, அப்பப்ப கத்தத்தான் செய்வா."

"விளையாடாதே. என்ன காரணம்னு பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன். நலத்தை அழுத்துறோம். அழுத்திட்டுப் பார்த்தா உதவின்னு இருக்கு. என் ஸ்கிரிப்ட்ல அந்த பட்டனே கிடையாது. கண்ணாடி உடைஞ்ச போன்ல யாரும் தொடாமலே தொட்ட மாதிரி ஆகும், உனக்குத் தெரியாததா? மறுபடி ஓட்டினா மறுபடி நலத்தை அழுத்துது, பச்சையாயிடுது. அவ்வளவுதான்."

"உள்ள தண்ணி சொட்டுற சத்தம் கேக்குது."

அவன் டிவி சத்தத்தைக் குறைத்தான். பிறகு சிரித்தான். "வீட்டுக்குப் போய்த் தூங்கு, நச்சு."

நல்லா வருது வாயில. அடக்கிக்கொண்டு மேனேஜரின் அறைக்குப் போனாள். வெளியே வரிசையாகக் காலி நாற்காலிகள். பாதி விளக்குகளை அணைத்திருந்தார்கள். பழைய காபி வாசனையும் கார்பெட் வாசனையும் சேர்ந்து குமட்டியது. மேனேஜர் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சார், கிழவி விஷயத்தைப் பார்க்காம ரிலீஸ் போக வேண்டாம்."

"நம்ம ரூல் என்னம்மா? சிவந்தா மூணு தடவை ஓட்டு. ஒண்ணு பச்சை வந்தாலும் பச்சைதான்."

"உதவி பட்டன் தானா அழுந்துது சார். அது சின்ன விஷயமா?"

"தானா ரத்தும் ஆகுதுல்ல? ஒரு ஓட்டை போனுக்காக எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றியா?" டிவியின் நகல் அவருடைய திரையிலும் ஓடிக்கொண்டிருந்தது. பென்சிலால் அதைத் தட்டினார். "நேத்து காலையில பாரு, நிமிஷத்துக்கு நிமிஷம் சிவப்பு. சாயங்காலம் குறைஞ்சுது. ராத்திரி இன்னும் குறைஞ்சுது. இப்ப எப்பவாவது ஒண்ணு. தானா சரியாயிட்டு வருது. நீ ஏன் ஊதிப் பெரிசாக்குறே?"

பதில் சொன்னால் கை நீட்டிவிடுவோம் என்று தோன்றியதால் திரும்பி நடந்தாள். சரியாயிட்டு வருதாம். எந்தக் கோளாறு யாரும் தொடாமல் தானாகச் சரியாகும்? கத்திக்கொண்டிருக்கிறவன் சத்தம் குறைந்தால் அவனுக்குச் சரியாகிவிட்டது என்றா அர்த்தம்?

அந்த நினைப்பு வந்த இடத்திலேயே அவள் கால் நின்றது. ஏன் அப்படி நினைத்தோம் என்று தெரியவில்லை. முதுகுத்தண்டில் ஏசிக் காற்று பட்டது.

அறைக் கதவைத் திறந்தபோது கிழவி அதிர்ந்துகொண்டிருந்தது.

கம்பிக் கதவைத் திறந்து குனிந்தாள். சூடான பிளாஸ்டிக் வாசனை. திரையில் உதவி என்ற சிவப்புப் பட்டையும், அதன் கீழே சுருங்கிக்கொண்டிருந்த வெள்ளை வளையமும் தெரிந்தன. கிழவியின் ஒலிபெருக்கித் துளைகளிலிருந்து சொட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. நிறைந்த வாளியில் விழும் சத்தம்; காலி வாளியில் டங்கென்று விழும், நிறைந்ததில் பளக்கென்று விழும், அதில்தான் எத்தனை வித்தியாசம். அதற்குப் பின்னால் இன்னொன்றும் கேட்டது. ஈரத்தரையில் துணி இழுபடுகிற மாதிரி. கொஞ்சம் இழுபட்டு, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி கொஞ்சம்.

நலம் பட்டன் தானாக அமுங்கியது. தாடியின் ஸ்கிரிப்ட். பச்சை. அமைதி.

அவள் அப்படியே குனிந்தபடி நின்றாள். யோசிக்க விரும்பாத ஒன்று மனசுக்குள் நெளிந்தது.

ஆப்பில் புதுக் கணக்கு திறக்க வேண்டிய ரகசிய எண் குறுஞ்செய்தி கிழவிக்கு மட்டும் வந்ததேயில்லை. முதலாளிகளுக்கு ஆப்பை ஓட்டிக் காட்டிய அன்று, கிழவியில் போட ஏற்கெனவே ஓடுகிற கணக்கு ஒன்று உடனே வேண்டும் என்று மேனேஜர் குதித்தார். ஒரே ஒரு நாளைக்குத்தானே என்று அவள் அம்மாவின் கணக்கைப் போட்டுக் கொடுத்தாள். மறுநாளே மாற்றச் சொன்னாள். மறுவாரமும் சொன்னாள். நச்சரித்தாள். "மாத்தியாச்சும்மா, ஏன் உயிரை எடுக்குறே?" என்றார் மேனேஜர். மாற்றியாயிற்று என்றுதான் அவளும் இருந்தாள்.

மாற்றியிருப்பார். எவ்வளவு அலட்சியமான ஆளாக இருந்தாலும் இதை மாற்றியிருப்பார்.

கணக்குக்காரரின் படம் திரையின் மேல்மூலையில் இருக்கும். கறுப்பு டேப்புக்கு அடியில்.

நகத்தால் டேப்பின் நுனியைக் கிளப்பினாள். பசை காய்ந்து இறுகியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தது. கண்ணாடித் தூள் உதிர்ந்தது. விரிசலுக்குப் பின்னால், சின்ன வட்டத்துக்குள், பாதி முகம்.

மீதி கட்டைவிரல்.

அவளுடைய கை அவளைக் கேட்காமலே தன் போனை எடுத்து அம்மாவை அழைத்தது. அதே நேரம் கிழவி மறுபடி சிவந்தது. சொட்டு. சொட்டு. அவள் காதில் அழைப்பு போகிற ஓசை. ஒன்று. இரண்டு.

கிழவிக்குள்ளிருந்து அம்மாவின் போன் மணி அடித்தது.

பழைய காலத்து டெலிபோன் மணி. காது சரியாகக் கேட்காது என்று அவள்தான் போனவருஷம் வைத்துக் கொடுத்தாள். இரும்புத் தட்டின் மேல் கிடந்த உடைந்த போனுக்குள், தண்ணீர் சொட்டும் ஒரு சமையல்கட்டில், அது அடித்துக்கொண்டேயிருந்தது. யாரும் எடுக்கவில்லை. மணிக்கு மிக அருகில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"அம்மா! அம்மா, நான்தான்! அம்மா, அப்படியே இரு, நான்..."

நலம் அமுங்கியது. பச்சை.

வீல் என்று கத்தியபடி கிழவியை வயரோடு பிடுங்கினாள். வயர் அறுந்தது. திரை கறுத்துச் செத்தது. நேற்றுக் காலையிலிருந்து. நிமிஷத்துக்கு நிமிஷம். சுவரில் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். கிழவி கத்துறா என்று சிரித்தார்கள். அவளும் ஒரு தடவை சிரித்தாள்.

மேனேஜர் வாசலில் நின்றார். "என்ன கத்தல்? யார் உன்னைப் போனைக் கழட்டச் சொன்னது?"

"அது எங்கம்மா!" அவருடைய சட்டையைப் பிடித்திருந்தாள் என்பது பிடித்த பிறகுதான் தெரிந்தது. "மாத்தியாச்சுன்னு சொன்னியே பாவி, எங்கம்மா அங்க கூப்பிட்டுக்கிட்டே கிடக்குறா, நீ இங்க பச்சையாக்கிட்டே இருந்திருக்கே!"

"நீ முதல்ல உட்காரு, தண்ணி குடி..."

தண்ணீர் என்ற வார்த்தையில் அவரைத் தள்ளிவிட்டு ஓடினாள். கிழவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள். ஏன் எடுத்தோம் என்று கேட்டால், நாளைக்கு இதை அந்த ஆளின் மூஞ்சியில் எறிய வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

டாக்சியில் ஏறியதும் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். முகவரியை மூன்று தடவை சொன்னாள்; வண்டியெல்லாம் வெளியே போயிருக்கிறது, திரும்பியதும் அனுப்புகிறோம் என்றார்கள். பிறகு அண்ணனுக்கு. அவன் வேறு ஊரில் இருந்தான்.

"அம்மாவுக்கு என்ன? ஆப்ல பச்சை காட்டுதே."

"அந்தப் பச்சை அம்மா இல்லடா!"

"என்ன உளர்றே? இப்பதான் பார்த்தேன். இதோ, நலம்னு..."

"குழாயை மாத்துன்னு உன்கிட்ட சொன்னாளா இல்லையா?"

"குழாயா? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நீ பண்ணியிருக்கக் கூடாதா? ஒரே ஊர்ல தானே இருக்கே."

வைத்துவிட்டாள். ஒவ்வொரு சிக்னலும் அவளைப் பார்த்ததும் சிவந்தது. ஓட்டுநர் கண்ணாடி வழியே அவளைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜனங்கள் கடைப்பைகளோடு சிரித்துக்கொண்டு போனார்கள். எல்லார் மேலேயும் ஆத்திரமாக வந்தது. அண்ணன்மேல், தாடிமேல், அந்த மேனேஜர்மேல். அம்மாமேலும்கூட. எதிர்வீட்டைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா, கத்தியிருக்கக் கூடாதா, வியாழக்கிழமை அப்படிப் பேசாமல் இருந்திருக்கக் கூடாதா! எல்லாவற்றுக்கும் மேலாக, பச்சைப் புள்ளியைப் பார்த்து வீம்பு என்று முனகிய தன்மேல். ஆனாலும் ஒன்று இருந்தது. சற்றுமுன்கூட மூச்சுக் கேட்டது. இழுத்து விட்ட மூச்சு. உயிர் இருக்கிறது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டு வாசலில் இரண்டு நாளிதழ்கள் கிடந்தன. நேற்றையது, இன்றையது. எதிர்வீடு பூட்டியிருந்தது.

அவளிடம் ஒரு சாவி உண்டு. கதவு திறந்ததும் மூடிய வீட்டின் வாடை வந்தது. ஈரச் சுவர், கெட்டுப்போன பால், அதற்கடியில் இனிப்பாக இன்னொன்று. கூடத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. காலண்டர் தாள் படபடத்தது. தரையில் தண்ணீர் மெல்லிசாக நாற்காலிக் கால்கள்வரை வந்திருந்தது.

சொட்டு. சொட்டு.

நிறைந்த வாளியில் விழுகிற பளக் பளக்.

"அம்மா?"

சமையல்கட்டு விளக்கைப் போட்டாள்.

வாளி நிரம்பி வழிந்திருந்தது. வழிந்த தண்ணீரில்தான் வழுக்கியிருக்க வேண்டும். அம்மா அடுப்பு மேடைக்கும் கதவுக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. மேடையிலிருந்து கதவை நோக்கிப் புடவை இழுபட்ட தடம். பாதி தூரம்தான் வந்திருந்தாள்.

மண்டியிட்டாள். கன்னத்தைத் தொட்டாள்.

சில்லென்று இருந்தது. தோளைத் திருப்பப் பார்த்தாள். மொத்த உடம்பும் கட்டை மாதிரி ஒன்றாகத் திரும்பியது. கண் ஓரத்தில் எறும்புகள் ஒரு வரிசையாக ஏறி, ஒரு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. சாவகாசமாக. வழி பழகிய எறும்புகள்.

இது சற்றுமுன் நடந்தது இல்லை. ஒரு மணி நேரத்தில் உடம்பு இப்படி ஆகாது. ராத்திரியே முடிந்திருக்கிறது.

அம்மாவின் வலது கையில் போன் இருந்தது. விரல்கள் அதைச் சுற்றி இறுகியிருந்தன. கட்டைவிரல் திரையின் மேல், சிவப்புப் பட்டன் இருக்கிற இடத்தில். திரை கறுப்பு. அவள் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். ஒன்றுமில்லை. துளைகளிலிருந்து தண்ணீர் கசிந்து அம்மாவின் மணிக்கட்டில் வழிந்தது. ஊறிச் செத்த போன். எப்போதோ.

அப்படியென்றால் மத்தியானம் அடித்த மணி?

அந்த மூச்சு?

அவளுடைய போன் துடித்தது. மேனேஜரின் செய்தி. 'ரிலீஸ் போயாச்சு. எல்லாம் பச்சை. கிழவியைத் திருப்பி மாட்டினது நல்லதாப் போச்சு. அவளும் பச்சை.'

வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.

கிழவி அவள் பைக்குள் இருந்தது. வயர் அறுந்து. பேட்டரி செத்து.

பை அதிர்ந்தது.

கர்ர்ர். ஈரத்தரையில் பை தானாக ஒரு விரற்கடை நகர்ந்தது. உள்ளிருந்து ஒரு சிவப்பு வெளிச்சம் ஜிப்பின் பற்களுக்கிடையே கசிந்தது.

சொட்டு, என்றது குழாய். சொட்டு, என்றது பை. ஒரு மூச்சு தள்ளி.

ஜிப்பை இழுத்துத் திறந்தாள். திரையில் பாதி முகமும் கட்டைவிரலும். கீழே உதவி. வெள்ளை வளையம் சுருங்க ஆரம்பித்திருந்தது. ஒலிபெருக்கியில் இந்தச் சமையல்கட்டு கேட்டது. குழாய் கேட்டது. அவளுடைய அழுகை கேட்டது, அவளிடமிருந்து வந்து, அம்மாவின் செத்த போன் வழியே போய், திரும்பி. அதோடு இன்னொரு மூச்சு. மெதுவாக இழுத்து விடுகிற மூச்சு. அவளுடையதைவிடப் போனுக்கு நெருக்கமாக.

அம்மாவின் மார்பு அசையவில்லை.

"கூப்பிடும்மா" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "இந்தத் தடவை எவனும் ரத்து பண்ண மாட்டான். நான் தொடமாட்டேன். போகட்டும். எல்லாருக்கும் போகட்டும்."

கிழவியைத் தரையில் வைத்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

வளையம் பாதியானது.

தூரத்தில் ஆம்புலன்ஸ் கேட்டது.

வளையம் ஒரு காசளவு ஆனது. பொட்டளவு ஆனது. மூச்சு வேகமானது. இதோ. இதோ போகப்போகிறது.

நலம் பட்டன் அமுங்கியது.

விரல் இல்லை. வயர் இல்லை. கண்ணாடியின் மேல் ஒரு சின்னப் பள்ளம் விழுந்து எழுந்த மாதிரி. பச்சை வெளிச்சம் ஈரத்தரை முழுக்கப் பரவி அம்மாவின் முகத்தில் ஏறியது. மூச்சு பாதியில் அறுந்தது.

'இன்று நலமாக இருக்கிறீர்கள். நன்றி.'

அம்மாவின் கட்டைவிரல் கறுத்த கண்ணாடியின் மேல் மெல்ல, மிக மெல்ல, மடங்கியது.

கிழவி மறுபடி சிவந்தது.